பழைய சாட்டிலைட் போனை விற்பவர்களுக்கு: கேள்வி பதில்

மெல்பர்னிலிருந்து: துராயா எக்ஸ்டி லைட் சாட்டிலைட் போன், பெட்டியோடு புதுசு மாதிரி இருக்கு. என்ன விலை சொல்லலாம் அண்ணா?

ஆஸ்திரேலியாவுக்குள் விற்காதீங்க தம்பி. அந்தப் பக்கத்துக்குச் சேவை தந்த துராயா-3 செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில் பழுதாகி, அங்கே சேவையே நின்றுபோனது. போனில் குறையில்லை, பேச வழிதான் இல்லை. வளைகுடா, ஆப்பிரிக்கா பக்கம் வேறு செயற்கைக்கோள். வாங்குபவர் அங்கே இருந்தால் மட்டும் பேசுங்கள். இதை மறைத்து விற்றால், அதை நம்பி ஒருவர் பாலைவனத்துக்குள் வண்டி ஓட்டிப் போவார்.

டொராண்டோவிலிருந்து: மாமா சுரங்க வேலையில் வைத்திருந்த இரிடியம் 9555. இவ்வளவு பழைய போனுக்கு ஏன் இன்னும் விலை? விளம்பரத்தில் என்ன எழுதுவது?

நல்ல கேள்வி. நீங்கள் விற்பது கருவியை மட்டுமல்ல, அதற்கு மேலே ஓடும் வலையமைப்பையும் சேர்த்துத்தான். சுமார் 780 கி.மீ. உயரத்தில் இரிடியத்தின் 66 செயற்கைக்கோள்கள் துருவங்களின் மேலாகச் சுற்றுகின்றன. ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்வதால் பக்கத்தில் தரை நிலையம் தேவையில்லை. துராயா, இன்மார்சாட் என்ற மற்ற நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கி.மீ. தூரத்தில் நிற்பவை, வடக்கே போகப்போக அடிவானத்தில் தாழ்ந்து, துருவத்தில் மறைந்தே போகும். கனடாவின் வடகோடியில் வேலை செய்பவர் இரிடியம் தேடுவது அதனால்தான். 2017 முதல் 2019 வரை புதிய செயற்கைக்கோள்களை ஏவியபோதும் பழைய போன்கள் வேலை செய்யும்படியே வைத்தார்கள். 2008-இல் வந்த உங்கள் மாடல் இன்றும் விலைபோகக் காரணம் அது.

விளம்பரத்துக்கு: திறந்தவெளியில் ஆன்டெனாவை முழுதும் இழுத்து, வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, இரிடியத்தின் இலவசச் சோதனை எண்ணுக்குப் பேசி வீடியோ எடுங்கள். பேட்டரி எத்தனை வருஷப் பழசு என்று மறைக்காமல் எழுதுங்கள். கடைக்காரர்கள் பழுதுபார்த்து வாரன்டியோடு விற்கும் விலையைப் பாருங்கள். உங்களுடையது அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். மாமாவின் இணைப்பை ரத்து செய்து சிம்மை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் பேசிய பில் அவர் பேரில் வரும். ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, பொதுவில் போடாமல், வாங்குபவருக்குத் தனியாகக் கொடுங்கள்.

எல்லாருக்கும் ஒன்று: இந்தியாவுக்குப் போகும்போது பெட்டியில் இதை வைக்காதீர்கள். இரிடியம், துராயா இரண்டுக்கும் அங்கே தடை. விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளே கைதாகியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து: ஐபோனிலேயே சாட்டிலைட் வந்தாச்சே, இதை யார் வாங்குவாங்க?

2022-இல் ஐபோன் 14-இல் வந்தது குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி. குரல் அழைப்பு இல்லை, எல்லா நாட்டிலும் இல்லை.

டொராண்டோ, மறுபடி: இங்கே ரோஜர்ஸ் செல்போன் நிறுவனத்தில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் மூலம் மெசேஜ் போகுதே அண்ணா!

போகிறது, மறுக்கவில்லை. மலையேறப் போகிறவருக்கு அது போதும், அந்த வாங்குபவர்கள் குறையத்தான் செய்வார்கள். ஆனால் அது அந்தந்த நாட்டு செல்போன் நிறுவனத்தின் அலைவரிசையில் ஓடுவது. நடுக்கடலில் அதை நம்பிப் படகு இறக்க முடியாது. இன்ஜின் நின்றுபோன படகில் இருப்பவருக்கு எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் வேண்டும். கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அடுத்து என்ன செய்வதென்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு இன்றும் சாட்டிலைட் போன்தான்.

துபாயிலிருந்து: கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரில் தம்பி ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறான். என் பழைய துராயாவை அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அண்ணாச்சி. 2017 ஒக்கிப் புயலை நினைத்தால் உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இந்த போன் அவரைக் காப்பாற்றுவதற்கு முன் வழக்கில் மாட்டிவிடும். இந்தியாவில் பிஎஸ்என்எல் வழியாகத் தரும் இன்மார்சாட் போன் உண்டு, அனுமதியோடு. மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: கப்பலில் இருந்த அப்பாவின் இரிடியம் 9505ஏ வீட்டில் கிடக்கு. ஆன்லைனில் விற்கலாமா?

கூடாது. விளம்பரமும் போடாதீர்கள், ஆன் செய்தும் பார்க்காதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கோவையிலிருந்து: துபாயில் வாங்கிய துராயா, இங்கே விற்க முடியுமா?

இரண்டு முறை சொல்லிவிட்டேன். மேலே படியுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: குளோபல்ஸ்டார் ஜிஎஸ்பி-1600, சிம் போடும் இடமே காணோம்?

அதில் சிம் கிடையாது. போனின் வரிசை எண்ணே கணக்கில் பதிவாகும். பழைய கணக்கில் பாக்கி இருந்தால் புதியவர் பேரில் இணைப்பு கிடைக்காமல் போகலாம். அதை முடித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு விளம்பரம் போடுங்கள்.