கொல்லிமலை ஐயாறும் திருவையாறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கொல்லிமலைக்குச் சென்றிருந்தபோது, ஆகாய கங்கை அருவியாக விழுகின்ற ஆற்றின் பெயர் ஐயாறு என்று சொன்னார்கள். எங்கள் திருவையாற்றுக்குப் பெயர் தந்தது அந்த ஆறுதானா?
– வாசகர் ஒருவர், கண்டியூர்

பதில்: இல்லை, இரண்டும் வெவ்வேறு. ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. மலை ஐயாற்றின் நீர் காவிரியில்தான் கலக்கிறது என்பதால், அதில் ஒரு பங்கு திருவையாற்றுப் புஷ்யமண்டபப் படித்துறையைத் தொட்டுச் செல்லவும் இடமுண்டு.

கொல்லிமலை ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுள்ள மலை. அதன் மேற்பரப்பில் பள்ளத்தாக்குகளும் அடுக்கு வயல்களும் விரிந்து கிடக்கின்றன. அந்த வயல்களின் ஓரமாக வழிந்து வருகின்ற ஓடைகள் ஒன்றோடொன்று கூடி, அறப்பளீஸ்வரர் கோயிலை நெருங்கும் இடத்தில் ஆறு என்று சொல்லத்தக்க அளவை அடைகின்றன. ஐந்து ஓடைகள் கூடியதால் ஐயாறு என்பது அங்கே வழங்கும் விளக்கம். கோயிலை ஒட்டி ஓடும் நீரில் உள்ள மீன்களுக்கு உணவிட்டு வணங்குவது அங்கு வருவோரின் வழக்கம். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்றால், அதே ஆறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறைச் சுவரை ஒட்டி விழுவதைக் காணலாம். அந்த இடத்தில் மட்டும் அதற்கு ஆகாய கங்கை என்று பெயர். அடிவாரத்தில் புளியஞ்சோலையின் உருண்டைக் கற்களுக்கு நடுவே ஓடிச் சமவெளிக்கு வரும்போது அது மீண்டும் ஐயாறாகிறது. பிறகு திருச்சி மாவட்டத்துக்குள் முசிறி வட்டாரத்தைக் கடந்து, கல்லணைக்கு வெகு தூரம் மேற்கே, காவிரியின் வடகரையில் சேர்கிறது.

நம் டெல்டா விவசாயிகள் கவனிக்க வேண்டியது இந்த ஆறு பெருகும் பருவத்தை. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது காவிரி பெருகும். மேட்டூரில் தேக்கிய நீரை ஜூன் 12-இல் திறப்பது மரபு. ஐயாறோ ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பெருகுவது. அது மேட்டூருக்குக் கீழே வந்து கலப்பதால், அங்கே தேக்கி வைத்துக்கொள்ள வழியில்லை. நம் வயல்களிலேயே மழைநீர் நிற்கும் அந்த நாட்களில் அதற்குத் தேவையும் இருப்பதில்லை. மிகுதி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. மலையடிவாரக் கிணறுகளுக்கும் ஏரிகளுக்கும் உயிர் கொடுப்பது அந்தச் சிற்றாறுதான் என்பதால், அதைச் சிறியது என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

இனி உங்கள் திருவையாற்றுக்கு வருகிறேன். தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் வரும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களை வரிசையாகக் கடக்கிறோம். ஊர்ப் பெயருக்குப் பலரும் சொல்கின்ற காரணம் இந்த ஐந்து ஆறுகள். தலபுராணம் நந்திதேவருக்கு நீராட்டிய ஐந்து தீர்த்தங்களைக் காரணமாகச் சொல்கிறது. என் கருத்தில், இன்றைய ஐந்து பெயர்களை அப்படியே பழங்காலத்துக்குக் கொண்டுபோவது சரியாகாது. 7-ஆம் நூற்றாண்டிலேயே அப்பரும் சம்பந்தரும் ஐயாறு என்றே பாடிவிட்டார்கள். குடமுருட்டிக்கோ அந்தக் காலத்தில் கடுவாய் என்று பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குடமுருட்டி, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியிலிருந்து பிரிகிறது. வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகின்றன. அந்த வெண்ணாறும் காவிரியும் கல்லணையில் பிரிந்தவை. எனவே நீங்கள் கடந்து வருகின்ற ஐந்து ஆறுகளிலும் ஓடுவது கல்லணைக்கு வந்த ஒரே நீர். மலையில் பல ஓடைகள் கூடி ஒரு பெயரைப் பெறுகின்றன; இங்கே ஒரே நீர் தலைப்புக்குத் தலைப்பு, அதாவது கிளை பிரிகின்ற இடந்தோறும், புதுப் பெயரைப் பெறுகிறது.

கேள்வி: அரசலாறு எங்கே உற்பத்தியாகிறது என்று என் பேத்தியிடம் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். எந்த மலையின் பெயரை எழுதச் சொல்வது?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: அரசலாறு மலையில் பிறக்கின்ற ஆறு அன்று. கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியிலிருந்து பிரிந்து, காரைக்காலில் கடலில் கலக்கின்ற கிளையாறு என்று எழுதச் சொல்லுங்கள். குடகில் உள்ள தலைக்காவிரி என்று எழுதினாலும் தவறென்று அடித்துவிட முடியாது. ஓடுவது அந்த நீர்தானே. ஆனால் அரசலாற்றுக்கு உரிய விடை அதன் தலைப்பு மதகுதான். மதகின் பலகையைத் தூக்கினால் அதில் நீர் ஓடும், இறக்கினால் நிற்கும். கடைமடை விவசாயிகள் ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்பதைவிட, தலைப்பில் எத்தனை கனஅடி திறந்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

பெயரைப் பற்றியும் பேத்திக்குச் சொல்லலாம். தேவாரத்தில் இந்த ஆறு அரிசில் என்று வருகிறது. கும்பகோணத்துக்கு அருகே உள்ள அழகாபுத்தூர், பாடல்களில் அரிசிற்கரைப்புத்தூர். வலங்கைமானை அடுத்த ஆண்டான்கோயிலும் அவ்வாறே கடுவாய்க்கரைப்புத்தூர் என்று பாடப்பட்டது. அதன் அருகே ஓடுவது இன்றைய குடமுருட்டி. முடிகொண்டான், வீரசோழன் என்னும் ஆற்றுப் பெயர்களோ சோழ மன்னர்களின் பட்டப்பெயர்கள். பெரிய ஆறுகளின் பெயர்களை வரைபடங்களும் கோயில்களும் காத்துக் கொடுத்துவிட்டன. ஊருக்குள் ஓடும் வாய்க்கால்களின் பெயர்களைக் காப்பதற்கு அப்படி எதுவுமில்லை. உங்கள் ஊர் வாய்க்காலுக்குப் பெரியவர்கள் வழங்கிவந்த பெயரும், அது எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது, எதில் வடிகிறது என்பதும் தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் அவற்றை வெளியிடுவோம்.