கரகரப்பு எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்வி – பதில்

கே: குரல் பதிவில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டுவதே இல்லை. சிவப்பும் எரியவில்லை. ஆனாலும் உரக்கப் பாடும் இடங்களில் கரகரக்கிறது. ஏன்?

ப: டிஜிட்டலில் உச்ச வரம்பு 0 டெசிபல். அதைத் தொடாத சிக்னல் அங்கே வெட்டுப்பட (கிளிப்பிங், அதாவது வரம்பை மீறும் உச்சி தட்டையாக நறுக்கப்படுவது) வழியில்லை. வெட்டு அதற்கு முன்பே, அனலாக் பக்கத்தில் விழுந்திருக்கிறது. பதிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சிகள் எல்லாம் மைனஸ் 6-லேயே ஒரே மட்டத்தில் தட்டையாக நின்றால் சந்தேகமே வேண்டாம். வெளி ப்ரீஆம்பில் (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) இன்புட் கெயினை ஏற்றிவிட்டு அவுட்புட் குமிழைக் குறைத்து வைத்தால் இப்படித்தான் ஆகும். கெயினைக் குறையுங்கள்; ப்ரீஆம்பில் பேட் சுவிட்ச் (உள்ளே வரும் சிக்னலைத் தணிப்பது) இருந்தால் போடுங்கள். கண்டென்சர் மைக்கின் உள்சுற்றே திணறுகிறது என்றால் ப்ரீஆம்பின் பேட் உதவாது, மைக்கில் உள்ள பேட்தான் வேண்டும்.

24 பிட்டில் பதிவு செய்கிறவர்கள் மட்டத்தைப் பூஜ்யத்துக்கு அருகே தள்ள வேண்டிய அவசியமே இல்லை. மிக உரத்த வரி மைனஸ் 10-ஐ ஒட்டி நின்றால் போதும். ஒத்திகையைவிட நிஜப் பதிவில் எல்லோரும் உரக்கத்தான் பாடுவார்கள்.

கே: சி மொழியில் இரண்டு 16 பிட் ஒலிகளைக் கூட்டும் நிரல் எழுதினேன். சத்தமான இடங்களில் பட் பட் என்று வெடிக்கிறது. சாதாரணக் கிளிப்பிங் இவ்வளவு மோசமாக இருக்குமா?

ப: இருக்காது. இது கிளிப்பிங்கைவிட மோசமான ஓவர்ஃப்ளோ, அதாவது எண் கொள்ளளவை மீறி வழிவது. 16 பிட்டில் கொள்ளும் எண்கள் மைனஸ் 32768 முதல் 32767 வரை. 25000-உம் 15000-உம் கூடினால் 40000. அதை 16 பிட்டில் திரும்ப எழுதும்போது மைனஸ் 25536 ஆகிவிடுகிறது. அலையின் உச்சி ஒற்றை மாதிரிப்புள்ளியில் (சாம்பிள், அதாவது ஒலி அலையின் ஒரு கண அளவீடு) தலைகீழாக விழுகிறது. வெடிப்பு அதுதான்.

கூட்டலை 32 பிட் மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். 16 பிட்டுக்கு மாற்றும் கடைசி அடியில் மட்டும், 32767-ஐத் தாண்டினால் 32767, மைனஸ் 32768-க்குக் கீழே போனால் மைனஸ் 32768 என்று நிறுத்துங்கள். வெடிப்பு போய்விடும். ஆனால் உச்சி தட்டையாவது இருக்கவே செய்யும். அதற்கு மட்டத்தைக் குறைப்பதுதான் வழி. இரண்டு ஒலிகளையும் பாதியாக்கிக் கூட்டினால், அதாவது 6 டெசிபல் குறைத்தால், எந்த நிலையிலும் வரம்பு மீறாது. பத்து ஒலிகளைப் பத்தால் வகுத்தால் பாதுகாப்புதான், ஆனால் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் மெலிந்துவிடும். எல்லா உச்சிகளும் ஒரே கணத்தில் சேர்வது அபூர்வம் என்பதால், பத்தின் வர்க்கமூலமான சுமார் 3.16-ஆல் வகுத்து, மீறும் சில உச்சிகளை லிமிட்டரிடம் (உச்சிகளை வரம்புக்குள் அடக்கும் கருவி) விடுவதே எங்கள் பரிந்துரை.

ஃப்ளோட்டில் (தசம எண்கள்; இதில் முழு மட்டம் 1.0) கணக்கிட்டால் இடையில் 1.0-ஐத் தாண்டினாலும் கெடுதல் இல்லை. முழு எண்ணாக மாற்றும் இடத்தில்தான் கவனம். 32768-ஆல் பெருக்கினால் 1.0 என்பது 32768 ஆகி, ஒரே ஒரு எண்ணால் வரம்பு மீறும். வரம்பிடுவதை ஃப்ளோட்டிலேயே செய்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்; வரிசை மாறினால் பலனில்லை.

கே: டிஜிட்டல் கிளிப்பிங் மட்டும் ஏன் அனலாக்கைவிடக் காதைக் கிழிக்கிறது?

ப: தட்டையான உச்சி புதிய ஹார்மானிக்குகளை (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் ஒலிகள்) உண்டாக்குகிறது. 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை இருபுறமும் சமமாக வெட்டினால் 15, 25, 35, 45 கிலோஹெர்ட்ஸ் என வரும். அனலாக்கில் 25-உம் அதற்கு மேல் உள்ளவையும் காதுக்கு எட்டாது. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்திலோ (சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை மாதிரிப்புள்ளிகள் என்பது) அதில் பாதியான 22.05-க்கு மேல் இடமில்லை. அவை மடங்கித் திரும்பி 19.1, 9.1, 0.9 கிலோஹெர்ட்ஸாக வந்து நிற்கின்றன. 900 ஹெர்ட்ஸுக்கும் மூல ஒலிக்கும் சுருதிப் பொருத்தமே கிடையாது. வேண்டுமென்றே வெட்டும் டிஸ்டார்ஷன் எஃபெக்ட் எழுதுகிறவர்கள் 4 அல்லது 8 மடங்கு ஓவர்சாம்பிளிங்கில் (மாதிரி வேகத்தை அத்தனை மடங்கு ஏற்றி) வெட்டி, வடிகட்டிவிட்டுக் கீழிறக்க வேண்டியது இதனால்தான்.

கே: மாஸ்டரை (பாடலின் இறுதி வடிவம்) உச்சி மைனஸ் 0.1 டெசிபலில் நிற்கும்படி முடித்தேன். எம்பி3-ஆக்கியதும் கரகரப்பு. லிமிட்டர் சரியில்லையா?

ப: சாதாரண மீட்டர் மாதிரிப்புள்ளிகளை மட்டும் பார்க்கிறது. புள்ளிகளுக்கு இடையே அலை அதைவிட உயரலாம். மாதிரி வேகத்தில் கால் பங்கு அதிர்வெண்ணுள்ள ஒலியில் இது 3 டெசிபல் வரை போகும். எம்பி3 சுருக்கம் அலையின் வடிவத்தையும் சற்று மாற்றுவதால் உச்சி மேலும் ஏறும். ட்ரூ பீக் (புள்ளிகளுக்கு இடையே எழும் உச்சியையும் கணக்கிடும்) வசதியுள்ள லிமிட்டரில் உச்ச வரம்பை மைனஸ் 1 என்று வையுங்கள். பிட்ரேட் (எம்பி3-இல் நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு) குறைவென்றால் மைனஸ் 2. பிறகு எம்பி3-ஐத் திரும்ப விரித்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கே: ஏற்கெனவே வெட்டுப்பட்ட பதிவில் வால்யூமைக் குறைத்தால் சரியாகுமா?

ப: ஆகாது. தட்டையான உச்சி, தட்டையாகவே கீழிறங்கும். டீ-கிளிப் மென்பொருள் சில புள்ளிகள் அகலமுள்ள வெட்டுகளை ஊகித்து நிரப்பும். நிரப்பிய உச்சி மேலே எழ இடம் வேண்டுமே. முதலில் 6 டெசிபல் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். நீளமான வெட்டென்றால் மறுபடி பதிவு செய்வதே மேல்.