ஒரே கொல்லையில் நாயும் கோழியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் எட்டு மாதச் சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. கொல்லையில் 12 நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. போன மாதம் இரண்டு குஞ்சுகளைக் கவ்விக் கொன்றுவிட்டது. வயிறு நிறையத்தான் சோறு போடுகிறோம். இதைப் பழக்க முடியுமா, யாருக்காவது கொடுத்துவிடுவதா?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: கொடுத்துவிட வேண்டாம், பழக்கிப் பாருங்கள். அது பசிக்காகக் குஞ்சைக் கொல்லவில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே வளர்த்து வந்த இனங்கள். கண்ணெதிரே சின்னதாக ஒன்று ஓடினால் துரத்தத்தான் தோன்றும். வயிறு நிறைந்திருந்தாலும் துரத்தும், ஏனென்றால் துரத்துவதே அதற்குச் சந்தோஷம். ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அடுத்த முறை இன்னும் வேகமாகப் பாயும். ஆகவே இன்று முதல், ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நாயும் கோழியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இதை விட்டுவிட்டு வேறு என்ன செய்தாலும் பலிக்காது.

முதல் வாரம் கோழியே இல்லாமல் பழக்குங்கள். உப்பில்லாமல் வேகவைத்த ஆட்டு ஈரலைப் புளியங்கொட்டை அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை மூடிய கைக்குள் வைத்து நீட்டினால் நாய் நக்கும், காலால் பிறாண்டும். கையைத் திறக்காதீர்கள். சலித்துப்போய் மூக்கைப் பின்னுக்கு இழுக்கும் அந்த நொடியில் 'விடு' என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து ஒரு துண்டு கொடுங்கள். கை பழகியதும் தரையில் வைத்த துண்டு, பிறகு உருளும் பந்து. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை போதும்.

அடுத்த கட்டத்துக்கு, கோழியைக் கவிழ்த்து மூடும் பின்னல் கூடையான பஞ்சாரத்தைவிட நல்ல சாதனம் கிடையாது. சாதுவான இரண்டு பெட்டைகளை நிழலில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து, மேலே இரண்டு செங்கல் வையுங்கள். பின்னல் இடைவெளியில் நாய்க்குக் கோழி தெரியும், ஆனால் ஓடாது. நாயை அரை மணி நேரம் நடத்திக் களைப்பாக்கிவிட்டு, ஆறடிக் கயிற்றில் பிடித்து முப்பது அடி தள்ளி நில்லுங்கள். கோழியைப் பார்த்த நாய் தானாகவோ, பெயர் சொன்னதும் திரும்பியோ உங்கள் முகத்தைப் பார்த்தால் உடனே ஈரல். இரண்டு நொடி தாமதித்தாலும் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது.

அதன் முகத்தைக் கவனியுங்கள். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். காது முன்னுக்கு வரும். வால் விறைக்கும். முன்னங்கால் ஒன்று லேசாகத் தூக்கி அப்படியே நிற்கும். இது பாய்ச்சலுக்கு முந்தைய நிலை. அப்போது திட்டுவதோ கயிற்றைச் சுண்டி இழுப்பதோ வேண்டாம். கயிறு இறுக இறுக வெறி கூடும். நாயைத் திருப்பிப் பத்தடி பின்னால் அழைத்துப் போய், அது நிதானப்பட்ட தூரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று தடவை ஒழுங்காக இருந்தால் ஐந்தடி முன்னேறலாம். பஞ்சாரத்துக்குள் கோழியைக் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

ஐந்தடி தூரத்தில் நாய் நிம்மதியாகப் படுத்தால், பஞ்சாரத்துக்குள் கொஞ்சம் கம்பு தூவுங்கள். கோழிகள் அசைந்து கொத்தும்போதும் அமைதியாக இருந்தால்தான் பஞ்சாரத்தைத் தூக்க வேண்டும். அப்போதும் கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதன் பிறகு முப்பது அடிப் பருத்திக் கயிற்றை இழுத்துக்கொண்டு திரிய விடலாம். நுனியில் சுருக்கோ முடிச்சோ கூடாது, செடியில் மாட்டும். இந்த இனத்துக்குத் தலை குறுகல் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை உருவிக்கொள்ளும். ஓடிய வேகத்தில் கயிறு இழுத்தால் கழுத்தும் அடிபடும். நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டையே நல்லது.

பலர் ஏமாறுவது இங்கேதான். நிற்கும் கோழியைச் சட்டை செய்யாத நாய், இறக்கையடித்து ஓடும் கோழியைப் பார்த்தால் மாறிவிடும். இரண்டு சேவல் சண்டை போட்டாலும், பிள்ளைகள் கோழியை விரட்டினாலும் அது நடக்கும். அந்தச் சமயத்திலும் 'விடு' என்றதும் திரும்புகிறதா என்று கயிறு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். தொடர்ந்து நான்கு வாரம் ஒருமுறைகூடப் பாயாவிட்டால், நீங்கள் கூடவே நின்று கயிறு இல்லாமல் விடலாம். சில வேட்டை நாய்கள் அந்த நிலைக்கு வரவே வராது. அதற்காக நாயை வெறுக்காதீர்கள், வேலி போடுங்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலையை நாய் கிழித்துவிடும். வெல்ட் மெஷ் கம்பி வலையை ஆறடி உயரத்துக்கு அடித்து, அடியில் ஓரடி மண்ணுக்குள் புதையுங்கள்.

கேள்வி: செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்தும் என்கிறார்கள். கோழிக்கறி போடுவதால்தான் இப்படி ஆகிறதா?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். காலையில் செய்ததற்கு மாலையில் தண்டனை என்று நாய்க்குப் புரியாது. அழுகும் கோழியில் கிருமியும் புழுவும்தான் பெருகும். அடித்தாலும் இதே கதைதான்: உங்கள் எதிரில் செய்யாது, நீங்கள் இல்லாதபோது செய்யும். வேகவைத்த கறிக்கும் கோழியைத் துரத்துவதற்கும் சம்பந்தம் இல்லை. எலும்பை மட்டும் எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஆனால் கோழி அறுத்த குடலையும் இறகையும் கொல்லையில் வீசினால் நாய் கூண்டைச் சுற்றி மோப்பம் பிடிக்கத் தொடங்கும். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழித் தொற்றுநோயில் செத்த கோழியை இழுத்துப் போனால் ஊருக்கே நோயைப் பரப்பும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

கேள்வி: மூன்று மாத நாட்டுநாய்க் குட்டி வாங்கியிருக்கிறோம். கோழிகளோடு சேர்ந்தே வளர்ந்தால் பயிற்சி தேவைப்படாதுதானே?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இந்த வயதில் பழக்குவது சுலபம், ஆனால் தானாக வராது. குட்டி விளையாட்டாகத் தாவும், கோழி கத்திக்கொண்டு பறக்கும், குட்டிக்கு அது இன்னும் குஷி. ஆறாம் மாதத்துக்குமேல் அந்த விளையாட்டுதான் கொலையில் முடிகிறது. அதனால் குட்டியையும் கயிற்றோடுதான் கோழிப் பக்கம் அழைத்துப் போக வேண்டும். குஞ்சு வைத்திருக்கும் தாய்க்கோழியிடம் விடவே வேண்டாம், கண்ணில் கொத்திவிடும். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுவரை பழகிய நாயும் பழையபடி துரத்திப் பார்க்கும், அப்போது தயங்காமல் கயிற்றுக்குத் திரும்புங்கள்.

சோற்றுத் தட்டையும் கவனியுங்கள். கோழி வந்து நாய்ச் சோற்றைக் கொத்தும்போது, சாதுவான நாயும் சட்டென்று கடித்துவிடும். கோழிகள் அடைந்த பிறகோ கதவுக்கு உள்ளேயோ சோறு வையுங்கள்.

கேள்வி: நாய் கவ்விய கோழி உயிரோடு இருக்கிறது. என்ன செய்வது?
(வாசகி, தேனி)

பதில்: அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். அதிர்ச்சியிலேயே சாகும் கோழிகள் உண்டு. கொஞ்சம் தெளிந்ததும் காயத்தைச் சுற்றி இறகை வெட்டி, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கழுவுங்கள். வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும், பல் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். தோலுக்கடியில் காற்று ஏறி உப்பினால் காற்றுப்பை கிழிந்திருக்கக்கூடும். எப்படியிருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆறும்வரை மற்றக் கோழிகளோடு சேர்க்காதீர்கள், ரத்தத்தைப் பார்த்தால் அவையே கொத்திக் கொன்றுவிடும். ஈ உட்காராமல் மெல்லிய துணியால் பெட்டியை மூடி வையுங்கள்.