‘தமிழ்’ என்றால் 15 எழுத்தா?

வாசகர் கேள்வி: விம் எடிட்டரில் (உரையைத் தட்டச்சு செய்து திருத்தும் மென்பொருள்) ஒவ்வொரு வரியையும் 20 எழுத்தோடு வெட்ட நானே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒழுங்காக வெட்டுகிறது. தமிழ் வரியில் நாலைந்து எழுத்திலேயே நின்றுவிடுகிறது, கடைசியில் ஏதோ குப்பை வேறு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது. என் கணினியில் கோளாறா? தமிழுக்கென்றே தயாரித்த விம் செட்டிங்ஸ் கோப்பு என்று ஒருவர் விற்கிறார். வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

முதலில் ஒன்று: உங்கள் கணினியில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் எழுத்தை எண்ணச் சொன்னதாக நினைக்கிறீர்கள். விம் பைட்டை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகை, எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீளத்துக்கு நீங்கள் பயன்படுத்தியது விம்மின் எஸ்டிஆர்லென் என்ற ஃபங்ஷன் என்பது அனுப்பியிருந்த ஃபங்ஷனைப் பார்த்ததும் தெரிந்தது. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி சேமிக்கப்பட 3 பைட் வேண்டும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ‘தமிழ்’ உள்ளே ஐந்து குறிகள். ஐமூன்று பதினைந்து. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே கணக்கு தற்செயலாகச் சரியாக வந்துவிடுகிறது.

வெட்டும் இடத்திலும் இதே கதைதான். வெட்டுவதற்கு நீங்கள் போட்ட எஸ்டிஆர்பார்ட் உங்களுக்கு 20 பைட்டை வெட்டித் தருகிறது. அதில் ஆறு குறிகள் முழுதாக வரும். ஏழாவதில் இரண்டு பைட் மட்டும் வந்து தொங்கும். நீங்கள் குப்பை என்று சொன்னது அந்த அரைகுறை இரண்டு பைட்டைத்தான்.

நீளத்துக்கு எஸ்டிஆர்சார்லென், வெட்டுவதற்கு எஸ்டிஆர்சார்பார்ட். இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது ‘தமிழ்’ என்பதற்கு 3 என்று ஒழுங்காகச் சொல்லும். இரண்டாவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதற்கு நாலாவது மதிப்பாக 1 கொடுக்க வேண்டும்: எஸ்டிஆர்சார்பார்ட்(வரி, 0, 20, 1). அந்த 1 இல்லாவிட்டால் கொக்கியையும் புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணும். ‘தமிழ்’ என்பதில் இரண்டு எழுத்து கேட்டால் ‘தம’ என்று வரும். 1 சேர்த்தால் ‘தமி’. குப்பை விழுந்தாலாவது தப்பு கண்ணில் படும். இங்கே கொக்கி மட்டும் காணாமல் போவதால் அச்சுக்குப் போகும்வரை யாரும் கவனிப்பதில்லை. (2021-க்கு முந்தைய விம் என்றால் எஸ்டிஆர்சார்லென்னும் இந்த நாலாவது மதிப்பும் இருக்காது. புதியதை நிறுவுங்கள், இலவசம்தானே.)

எஸ்டிஆர்லென் என்று பெயர் வைத்துவிட்டுப் பைட்டை எண்ணுவது என்ன நியாயம் என்று கேட்பீர்கள். பழைய ஸ்கிரிப்ட்கள் (விம்முக்கு எழுதிய கட்டளைத் தொகுப்புகள்) உடையக் கூடாது என்ற ஒரே சாக்குதான். 2022-இல் விம் 9 வந்து ஸ்கிரிப்ட் மொழியையே புதுப்பித்தார்கள். அதிலும் எஸ்டிஆர்லென் பைட்டைத்தான் எண்ணுகிறது. நம் எழுத்துக்கு ஒரு மூலையில் வேறு பெயரில் ஒரு ஃபங்ஷன். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் பாடு!

சரி, ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது: க்ஷ. நமக்கு அது ஒரு எழுத்து. விம்முக்கு க் ஒன்று, ஷ ஒன்று. ‘லக்ஷ்மி’யை 4 என்று எண்ணும், இரண்டு எழுத்து கேட்டால் ‘லக்’ என்று வெட்டும். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் வழி எளிது. கவுன்ட் என்ற ஃபங்ஷனிடம் வரியில் க்ஷ எத்தனை முறை வருகிறது என்று கேட்டு, அதை மொத்தத்திலிருந்து கழித்துவிடுங்கள். தேடி மாற்றி எண்ணலாம் என்று சப்ஸ்டிட்யூட் பக்கம் போகாதீர்கள். அதில் க்ஷ என்று தேடினால் ‘லக்ஷ்மி’யில் கிடைக்காது, ஷ-வின் தலையில் புள்ளி இருப்பதால் அதை வேறு எழுத்தாகவே பார்க்கும். ஸ்ரீ இதைவிட மோசம். ஸ போட்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். இரண்டையும் தனித்தனியாக எண்ணிக் கழிக்க வேண்டும். வெட்டும்போது என்றால், வெட்டிய துண்டு க் என்று முடிந்து மிச்சம் ஷ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் இன்னொரு எழுத்தைச் சேர்த்து வெட்டுங்கள்.

இனி அந்த விற்பனைக்காரர். வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன இரண்டு ஃபங்ஷனும் விம்மோடு வருபவை. அவர் விற்பது உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை.

காசு போவதுகூடப் பெரிதில்லை. அந்த செட்டிங்ஸ் கோப்பும் ஒரு விம் ஸ்கிரிப்ட்தான். விம் ஸ்கிரிப்டில் சிஸ்டம் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது கணினியின் எந்தக் கட்டளையையும் உங்கள் பெயரிலேயே ஓட்டும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. யாரோ தரும் கோப்பைப் போட்டுக்கொள்வது முன்பின் தெரியாதவரிடம் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரிதான். ஸ்கிரிப்ட் போட வேண்டும் என்றுகூட இல்லை. 2019-இல் ஒரு ஓட்டை வெளியே வந்தது: 8.1.1365-க்கு முந்தைய விம்மில், மோட்லைன் வசதி (கோப்புக்குள்ளேயே எழுதிவைத்த விம் செட்டிங்ஸை விம் படித்து ஏற்பது) திறந்திருந்தால், விஷமமான ஒரு கோப்பைத் திறந்தாலே போதும், அதற்குள் இருக்கும் கட்டளை ஓடிவிடும்.

கெட்ட எண்ணம் இல்லாதவர் எழுதியதும் கெடுக்கும். நண்பர் ஒருவர் இப்படித்தான் ஓசியில் கிடைத்த கோப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டார். சேமிக்கும்போதெல்லாம் ‘வேண்டாத எழுத்துகளை’ நீக்குவதாக அதில் ஒரு வரி. எழுதியவருக்கு ஆங்கிலம் தவிர எல்லாமே வேண்டாத எழுத்து. நண்பர் மூன்று அத்தியாயம் தட்டச்சு செய்து சேமித்தார். மிஞ்சியது காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் பக்க எண்ணும். உடனே யு-வை அழுத்தியிருந்தால் திரும்ப வந்திருக்கும். அவர் பதறிப்போய் விம்மை மூடிவிட்டு என்னை அழைத்தார்.

ஏற்கெனவே அந்தக் கோப்பை வாங்கிவிட்டீர்கள் என்றால், அதை இயக்காமல், விம் அல்லாத வேறு எடிட்டரில் வெறுமனே திறந்து சிஸ்டம், எக்ஸிக்யூட், ஆட்டோசிஎம்டி, ஆச்சரியக்குறி நான்கையும் தேடிப் பாருங்கள். அகப்படும் வரிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.