‘த டீல்’ மாதிரியான காலேஜ் ஹொக்கிக் காதல் நாவல்களில் அப்படி என்னதான் இருக்கிறது? வாசித்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்

வாசித்திருக்கிறேன் தம்பி. பிடித்தும் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த வகைப் புத்தகங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் “நான் வாசிக்கல்ல, என்ட பிரெண்ட் ஒராள் வாசிச்சவ” என்றுதான் தொடங்குவார்கள்.

தங்கச்சி எந்நேரமும் போனும் கையுமாக இதையே வாசிக்கிறாள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் சட்டை போடாத ஒருவன் நின்றிருப்பான். அங்கேயே உங்களுக்கு மண்டை காய்ந்திருக்கும். அட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் நானும் அதை அம்மாவுக்கு முன்னால் திறக்கமாட்டேன். அதனால்தான் எல்லோரும் போனில் வாசிக்கிறார்கள்.

‘த டீல்’ கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எல் கென்னடி என்ற கனடா எழுத்தாளர் எழுதி 2015இல் வந்தது. பிரையர் என்று ஒரு கற்பனைப் பல்கலைக்கழகம், அமெரிக்காவில். கரெட் அங்கே ஐஸ் ஹொக்கி அணித் தலைவன். ஒழுக்கவியல் பாடத்தில் கோட்டை விட்டுவிட்டான். புள்ளி இறங்கினால் அணியில் இடமில்லை. அதே வகுப்பில் ஹன்னா என்று ஒருத்தி நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள், சங்கீதம் படிப்பவள். “எனக்குப் பாடம் சொல்லித் தா, நீ விரும்புகிற ஆள் உன்னைத் திரும்பிப் பார்க்கும்படி நான் உன் காதலனாக நடிக்கிறேன்” என்கிறான். அதுதான் டீல். இதற்கு மேல் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாசிக்கிறோம். கண்ணகி மதுரையை எரிப்பாள் என்று தெரிந்துகொண்டுதானே வைகாசி பிறந்தால் கோயிலில் போய் இருந்து கண்ணகி வழக்குரைப் பாட்டுக் கேட்கிறோம்? (அம்மனையும் இதையும் ஒன்றாக வைக்கிறாளா என்று யாரும் கிளம்பி வராதீர்கள். முடிவு தெரிந்த கதையையும் மனிசர் கேட்பார்கள் என்பதற்காக மட்டும் சொன்னேன்.)

எங்களுக்குள் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. பழைய பட்ச் பெண்கள், கல்லடி, ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று என்று சிதறிக் கிடக்கிறோம். இந்தப் புத்தகத்தை ஒன்றாக வாசித்து வாட்ஸ்அப்பில் அடிபட்டோம். கல்முனைக்காரி ஆசிரியை. அவள் சொன்னது: “அந்த அறைக்குள்ள நடக்கிறதெல்லாத்தையும் கிழிச்சிட்டுத் தந்தா என்ட மகளுக்கும் குடுப்பன்கா.” கிழித்தால் பாதிப் புத்தகம்தான் மிஞ்சும் என்று இன்னொருத்தி சிரித்தாள். தாதியாக வேலை செய்பவள்தான் நாங்கள் யாரும் எதிர்பாராத இடத்தைத் தொட்டாள். ஹன்னாவுக்குப் பள்ளிக்கூட வயதில், குடிக்கிறதில் மருந்து கலந்து கொடுத்து ஒருவன் வன்கொடுமை செய்திருக்கிறான். அதை ஹன்னா தன் வாயால், தனக்குத் தோன்றிய நேரத்தில் சொல்கிறாள், கரெட் அவள் சொன்ன வேகத்தில்தான் நடக்கிறான், இதுவே பெரிய விஷயம் என்றாள். இல்லை, நல்ல பொடியன் ஒருத்தன் வந்தால் இப்பேர்ப்பட்ட காயமும் ஆறிவிடும் என்று காட்டுவது பொய் என்று அக்கரைப்பற்றுக்காரி விடவேயில்லை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் தாதியின் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்தேன், அவள் தினமும் இப்படியான பெண்களைப் பார்க்கிறவள் என்பதால்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. கரெட்டின் தகப்பன் பழைய ஹொக்கி நட்சத்திரம், வீட்டில் அடிக்கிற ஆள். அவன் வந்து மிரட்ட, ஹன்னா கரெட்டிடம் காரணத்தைச் சொல்லாமல் பிரிந்துபோகிற இடம் சகிக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐம்பது பக்கம் மிச்சம்.

இனி என் சண்டைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

ஏன் எப்போதும் விளையாடுகிறவன் ஆணாகவே இருக்கிறான்? அவனுக்கு ஐஸ் ஹொக்கி, கப்டன் பதவி, பயிற்சி, காயம், கனவு. அவளுக்குப் பார்வையாளர் இருக்கை. ‘ஐஸ்பிரேக்கர்’ நாயகியும் விளையாட்டுக்காரிதானே என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். அது ஹன்னா கிரேஸ் என்ற எழுத்தாளரின் இதே வகை நாவல், 2022. அதில் அனஸ்தாசியா ஐஸில் ஆடுகிற ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை, ஒலிம்பிக் கனவோடு இருப்பவள். ஹொக்கிப் பொடியன்களின் மைதானம் பழுதாகிப் போக, அவர்கள் வந்து அவளுடைய இடத்தைப் பங்கு கேட்கிறார்கள். அந்தப் பகுதியை வாசித்தபோது தனியே இருந்து சிரித்தேன். எங்கள் வலைப்பந்துக் கோர்ட்டில் கிரிக்கெட் பந்து விழாத பின்னேரமே இல்லை. எடுக்க வருகிறவன் மன்னிப்பும் கேட்கமாட்டான், “கொஞ்சம் தள்ளி விளையாடுங்கவன்” என்பான்.

நான் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், வலைப்பந்து விளையாடினேன். எந்தக் கம்பஸ் என்று கேட்காதீர்கள். ஜி.டி., அதாவது கோல் டிபென்ஸ். பார்க்கிறவர் கண்ணில் படாத இடம். ஜி.டி. கோல் போட முடியாது, சட்டத்தில் இடமில்லை. போட வருகிறவளைப் போடவிடாமல் செய்வதுதான் வேலை. பந்து வைத்திருக்கிறவளுக்கு மூன்று அடி தள்ளி நின்று கையை நீட்ட வேண்டும். மூன்று செக்கனுக்குள் அவள் எறிந்தாக வேண்டும். யாருக்கு எறியப்போகிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்துப் பிடித்து, பின்னால் நிற்கிற ஜி.கே.க்கு, அதாவது கோல் கீப்பருக்கு, கத்திச் சொல்ல வேண்டும். கத்தாத ஜி.டி. இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அந்த நாளில் ஒருவர் இருந்தார். எனக்கு ஒரு பட்ச் மேலே, கிரிக்கெட் ஆடுகிறவர். அவருடைய மட்ச் என்றால் குடையும் தண்ணிப் போத்தலுமாகப் போய் இருப்பேன். அவர் நாலு ஓட்டம் அடித்துவிட்டு நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்ப்பார். என்னுடைய மட்ச் நாளில் அவருக்கு எங்கிருந்தோ அசைன்மென்ட் வந்துவிடும். பீடங்களுக்கிடையிலான இறுதிப் போட்டிக்கு மட்டும் வந்தார். கடைசிக் கால் பகுதி சமநிலையில் தொடங்கியது. தொண்டை கிழியக் கத்தினேன். வென்றோம். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் கசிய, வாயெல்லாம் பல்லாக அவரிடம் ஓடினேன்.

“நீ கத்துறது கென்டீன் வரைக்கும் கேட்டிச்சு. பொடியன்மார் சிரிக்கிறானுகள். கொஞ்சம் அடக்கிக் கத்தினா என்ன?” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைப்பீர்கள். அவரைக் கெட்டவர் என்று நானும் சொல்லவில்லை, அடித்தாரா ஏசினாரா, ஒன்றுமில்லை. அடுத்த கிழமை அவருடைய மட்சுக்கு நான் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவுமில்லை. அப்படியே முடிந்தது. அழுது புரண்டேன் என்று எழுதினால் நாவலுக்கு எடுப்பாக இருக்கும், அழவில்லை. காலில் மருந்து போட்டுக்கொண்டு பிரக்டிசுக்குப் போனேன். இப்போது அவர் வெளிநாட்டில், குடும்பத்தோடு. நன்றாக இருக்கட்டும்.

ஹன்னா ஹொக்கி பார்க்கப் போகிற இடங்களில் மற்றவர்கள் உருகியபோது எனக்கு மட்டும் எரிச்சல் வந்ததற்குக் காரணம் இதுதான். ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை. அவள் பாட்டை அவன் மதிக்கிறான், அது அவளுடைய பொழுதுபோக்கு இல்லை, அவளுடைய வேலை என்று அவனுக்கு விளங்குகிறது. நான் வாசித்தது அதற்காக. உடம்பு வர்ணனைகளை எல்லாம் வேகமாகப் புரட்டிவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், சொல்லவில்லை.

“அது அமெரிக்காக்காரன்ட கதை, நமக்கென்ன” என்றும் ஒரு கூட்டம் வரும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. வெபர் மைதானத்துக்குப் பெயர் வந்த வெபர் அடிகளார் அமெரிக்க யேசுசபைக் குரு. நம் ஊர்ப் பிள்ளைகள் பாஸ்கட்போல் பழகியதில் அந்தக் குருமாரின் கை இருக்கிறது. விளையாட்டை எடுத்துக்கொண்டோம். விளையாடுகிறவன் வகுப்பிலும் தேற வேண்டும், அதற்கு உதவியும் கிடைக்க வேண்டும் என்ற பாதியை மட்டும் விட்டுவிட்டோம். கரெட்டுக்குப் புள்ளி குறைந்தால் அணியே பதறுகிறது. எனக்கு வகுப்பு வரவு குறைந்தபோது யார் பதறினார்கள்? பரீட்சை எழுத எண்பது வீதம் வரவு வேண்டும். அணிக்காகப் போன நாட்களுக்குக் கடிதம் கொண்டுபோனால் ஒரு விரிவுரையாளர் அதைத் தொடவே இல்லை. “கப் கொண்டுவந்தா அது உங்கட அலுமாரிக்கு, எனக்கென்ன?” என்றார். கையெழுத்துக்காக அவருடைய அறை வாசலில் நின்ற நேரத்தில் ஒரு பாடத்தையே படித்து முடித்திருக்கலாம். ஆண்கள் அணிக் கடிதம் மட்டும் எப்படியோ ஒப்பமாகி வரும். இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று தெரியும். எழுத வேறு இடம் கிடைக்கவில்லை.

இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் அவர்தான் கோல் இயந்திரம், 2019 உலகக் கிண்ணத்தில் மற்ற எல்லோரையும் விடக் கூடுதலாகக் கோல் போட்டவர். எங்கள் ஊரில் அவருடைய உயரத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அவருடைய ஆட்டத்தைப் பற்றிப் பேசியவர்களை நான் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நெட்போல் விளையாடுகிற பெண்ணை நாயகியாக்கி, கறுத்துப் போவாய் என்று அவளிடம் சொல்லாத ஒரு பொடியனையும் வைத்து, களுவாஞ்சிக்குடிப் பக்கம் நடக்கிற மாதிரி யாராவது தமிழில் எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன். கல்யாணம் வரைக்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்கு வலைப்பந்தில் ஏழு பேர் என்று எத்தனை தரம் சொன்னாலும் ஞாபகம் நிற்பதில்லை, அதோடும் காலம் போகத்தான் செய்கிறது.

தங்கச்சிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளை என்றால் இந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், வயது வந்தவர்களுக்கான காட்சிகள் நிறைய. அதைப் போனைப் பறித்துச் சொல்லாமல் அம்மாவை விட்டோ அக்கா முறையான ஒருவரை விட்டோ சொல்லுங்கள். கம்பஸ் வயது என்றால் விட்டுவிடுங்கள். எந்தப் பாத்திரம் பிடித்தது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல வெட்கப்பட்டால் மேலே தோண்டாதீர்கள்.

பி.டி.எஃப். இருக்கிறதா என்று யாரும் எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள். இங்கே கடைகளில் கடந்தகால வினாத்தாளும் கைட் புத்தகமும்தான் அடுக்கிக் கிடக்கின்றன, அதனால் கொழும்புக்குப் போன ஒருவரிடம் காசு கொடுத்து எடுப்பித்தேன். இரவலும் தரமாட்டேன். கல்முனைக்குப் போனது இன்னும் திரும்பி வரவில்லை.