முதல் குழந்தை 4.2 கிலோ, சுகர் இல்லை என்றார்கள். குழந்தையின் எடை கூடத் தாயிடம் என்ன காரணம்? அடுத்ததும் அப்படித்தான் இருக்குமா?

பிறக்கும்போது 4 கிலோவைத் தாண்டினால் அதிக எடை. சில நாடுகளில் 4.5 கிலோவைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் சுகரைக் கைகாட்டுவார்கள். அது பெரிய காரணம்தான். ஆனால் எடை கூடிய குழந்தைகளில் பெரும்பாலானவை சுகர் இல்லாத தாய்மாருக்கே பிறக்கின்றன.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, கருத்தரிக்கும் முன் உங்கள் எடை எவ்வளவு, கர்ப்பத்தில் எவ்வளவு கூடியது என்பதை. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 18.5 முதல் 24.9 வரை இருந்தால் பிரசவம் வரை 11.5–16 கிலோ கூடலாம். 25 முதல் 29.9 என்றால் 7–11.5 கிலோ, 30-ஐத் தொட்டுவிட்டால் 5–9 கிலோதான். 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்ற பேச்சு கெடுப்பது இந்தக் கணக்கைத்தான்.

தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டி, கொழுப்பையும் சேர்க்கிறது. தாய்க்குச் சுகர் இருந்தால் கொழுப்பு தோளிலும் உடம்பிலும் அதிகம் படியும். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் கூடுவது இதனால்தான்.

24–28 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சுகர். ஆனால் 91 வந்தால் கவலையே இல்லை என்று அர்த்தமல்ல. 2008-ல் வெளியான ஹாப்போ (HAPO) ஆய்வு, அதாவது கர்ப்பிணிகளின் ரத்தச் சர்க்கரை பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வு, சுகர் ஏற ஏறக் குழந்தையின் எடையும் படிப்படியாக ஏறுவதைக் காட்டியது. குறிப்பிட்ட ஓர் அளவில் திடீரென்று தொடங்குவதில்லை. 'சுகர் இல்லை' என்றார்களே, அந்த எண்கள் என்ன என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

மாற்ற முடியாதவையும் உண்டு: தாயின் உயரம், அவரே பிறந்தபோது இருந்த எடை, பல பிரசவங்கள். நாள் தள்ளிப்போனாலும் எடை கூடும். முதல் குழந்தை பெரிதாக இருந்தது என்பதே அடுத்ததற்கும் வலுவான அபாயக் காரணி, ஆனாலும் கட்டாயம் அப்படியே நடக்கும் என்றில்லை.

அடுத்த கருவுக்கு முன்பே எடையைக் குறையுங்கள். கர்ப்பமான பிறகு பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது. முதல் வருகையிலேயே சுகர் பார்க்கச் சொல்லுங்கள், சரியாக இருந்தாலும் 24–28 வாரத்தில் மறுபடி பாருங்கள். சுகர் வந்துவிட்டால் பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே.

ஸ்கேன் சொல்லும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது சகஜம். 4 கிலோ என்றால் நிஜத்தில் 3.6 ஆகவும் இருக்கலாம், 4.4 ஆகவும் இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் வைத்து சிசேரியன் என்றால் காரணம் கேளுங்கள். குழந்தை பெரிதாகப் பிறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, அதன் சுகரையும் பார்க்கச் சொல்லுங்கள்: தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், கூடுதல் இன்சுலின் மட்டும் உடம்பில் மிச்சம் இருக்கும்.