காற்றாலையின் ‘திறன் பயன்பாட்டுக் காரணி’ என்றால் என்ன?

பொறியியல் முடித்துவிட்டு, காற்று, சூரிய மின்சாரத்தைக் கணக்கிடும் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு முதலில் பிடிபட வேண்டிய எண் இது. ஒரு நிலையம் ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைக்கக்கூடிய மின்சாரத்தில், உண்மையில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்பதுதான் கணக்கு. 1 மெகாவாட் காற்றாலை 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் சுற்றினால் 87.6 லட்சம் யூனிட். மீட்டரில் 21.9 லட்சம்தான் என்றால் காரணி 25%.

மீதி எங்கே போனது? காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் மே முதல் செப்டம்பர் வரை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போதுதான் ஆலைகள் வெளுத்து வாங்கும். அப்புறம் மந்தம். கல்யாண மண்டபம் மாதிரிதான்: முகூர்த்த நாளில் இடமே கிடைக்காது, மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும். (என்ன, மண்டபம் காற்று வாங்கும் ஆடியில்தான் காற்றாலைக்கு முகூர்த்தம்!) அதனால் ஆண்டுச் சராசரியோடு நிற்காமல் மாதவாரிக் கணக்கையும் பாருங்கள்.

25% என்றதும் இயந்திரம் முக்கால்வாசி ஆற்றலை வீணடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; அது செயல்திறன், வேறு கணக்கு. இந்த எண் பெரும்பாலும் சொல்வது, அந்த இடத்தில் காற்று எப்படி வீசியது என்பதைத்தான்.